எச்.ஐ.வி.யை ஏமாற்றிய வாலில்லாத எழுத்து

[திரை: தூசி படிந்த மருந்துக் குப்பி]

1964. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் புற்றுநோய்க்கென்று ஒரு மருந்து தயாரிக்கிறார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், பலன் இல்லை. காப்புரிமைகூட வாங்காமல் மூட்டை கட்டி வைத்துவிட்டார். 23 ஆண்டுகள் கழித்து, 1987 மார்ச்சில், எச்.ஐ.வி.க்கு எதிராக அமெரிக்கா அனுமதித்த முதல் மருந்து அதுதான். பெயர் ஏ.இசட்.டி.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸ் நம் வெள்ளையணுவில் சிடி4 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இன்னொன்றையும் பிடித்து உள்ளே நுழையும். மராவிராக் என்ற மருந்து அந்த இரண்டாவது பிடியைக் கெடுக்கும். வாசலில் நடப்பது அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது வீட்டுக்குள் நடக்கும் கூத்து!

உள்ளே வந்த வைரஸிடம் இருப்பது ஆர்.என்.ஏ. என்ற மரபுக் குறிப்பு. அதை ஒரு நொதி டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும். அந்தாதி தெரியும் அல்லவா? ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். டி.என்.ஏ. இழை வளர்வதும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு எழுத்துக்கும், அதாவது இழையைக் கட்டும் ஒவ்வொரு துண்டுக்கும், ஒரு சிறு வால் உண்டு: ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். அடுத்த எழுத்து அதைப் பிடித்துத்தான் சேரும். ஏ.இசட்.டி. பார்வைக்கு அச்சு அசல் தைமிடின் என்ற எழுத்து. வால் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மூன்று நைட்ரஜன் அணுக்கள்! நொதி ஏமாந்து அதைக் கோத்துவிடுகிறது. அடுத்த எழுத்து வருகிறது. பிடிக்க எதுவும் இல்லை. அந்தாதி அந்த இடத்திலேயே அறுந்துவிடுகிறது.

நம் டி.என்.ஏ.வும் அறுந்துவிடாதா என்கிறீர்களா? நல்ல கேள்வி. நம் நொதிகள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. ஆனாலும் ரத்தசோகை இந்த மருந்தின் மோசமான பக்கவிளைவு.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. அதன் நொதி பிழை திருத்தத் தெரியாத எழுத்தர். அந்தப் பிழைகளில் சில வைரஸுக்கே அதிர்ஷ்டமாக அமைந்தன: கோத்த போலி எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதும் வித்தை கைவந்தது! எதிரி என்றாலும் பாராட்டத் தோன்றுகிறது. ஒற்றை மருந்து போதாது என்று 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இப்போது வைரஸுக்குள் ஆர்.என்.ஏ.வை மூடியிருக்கும் புரதக் கூட்டையே குறிவைக்கும் லெனகாபவிர் என்ற மருந்து வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. 2024-இல் வெளியான ஆய்வில் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் தொற்று வராமல் தடுக்க அதைப் போட்டுக்கொண்ட 2,100-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை.

அந்தாதியை விடப் பொருத்தமான உவமை இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ரயில் பெட்டிக் கொக்கி வேண்டாம், அதை நானே யோசித்துக் கைவிட்டேன்.