நாய்க்கு ஆர்த்தோபீடிக் பெட் தேவையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. மதுரையிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். “எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது, 38 கிலோ. இப்போதெல்லாம் படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறான். முன்னங்கால் முட்டியில் முடி கொட்டி, தோல் தடித்துப் போயிருக்கிறது. ஆன்லைனில் மூட்டுக்கு இதம் என்று விற்கிற ஆர்த்தோபீடிக் பெட் பார்த்தோம், விலை அதிகம். அதுதான் வேண்டுமா, பழைய மெத்தையே போதுமா? முன்பு ஒரு பெட் வாங்கிப் போட்டோம். அதில் படுக்காமல் டைல்ஸ் தரையிலேயே போய்ப் படுக்கிறான்.”

அந்த முட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கனமான நாய் படுக்கும்போது கவனித்துப் பாருங்கள், கடைசியில் தொப்பென்று விழுகிற மாதிரிதான் படுக்கும். முதலில் தரையில் இடிப்பது முட்டி. அங்கே சதையே கிடையாது, எலும்பு, அதன் மேல் தோல், அவ்வளவுதான். தினமும் இடிபட்டு இடிபட்டுக் காய்ப்புக் காய்த்துவிடுகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. சில நாய்களுக்கு அதே இடத்தில் நீர் கோத்து மெத்தென்று வீங்கும். ஹைக்ரோமா என்போம். அதை ஊசியால் குத்தி நீரை எடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வீட்டில் செய்யாதீர்கள், கிருமி புகுந்தால் சாதாரண வீக்கம் சீழ்க்கட்டியாகிவிடும். சின்ன வீக்கம் என்றால் படுக்கையை மாற்றினாலே பல நேரம் அடங்கிவிடும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எடை குறைவுதான், ஆனால் உடம்பில் கொழுப்பே இல்லாத நாய்கள். எலும்பு அப்படியே தரையில் படும்.

ஆக, படுக்கையின் வேலை ஒன்றுதான். நாய் படுத்த பிறகும் அந்த எலும்புக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். ஆர்த்தோபீடிக் என்று அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டைத் தரையில் போட்டு உங்கள் முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரத்தை மெதுவாக அதன் மேல் இறக்குங்கள். தரை தட்டுகிறதா? அப்படியானால் விலை என்னவாக இருந்தாலும் அது உங்கள் நாய்க்கு ஆகாது.

பார்க்கப் புசுபுசுவென்று இருக்கும் பாலியஸ்டர் பஞ்சு பெட்டெல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். நாய் படுக்கும் இடத்தில் பஞ்சு இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் குழி விழுந்துவிடும். இலவம் பஞ்சு மெத்தை குளிர்ச்சியானது, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் கட்டிதட்டிப் போகும், அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். நீங்கள் கேட்ட பழைய மெத்தை நடுவில் அமுங்காமல் இருந்தால் தாராளமாகப் போடலாம். அமுங்கிப் போனதை இரண்டாக மடித்துப் போட்டால் நடுவில் மேடு வரும், மூட்டு வலி உள்ள நாய்க்கு ஏறி இறங்கக் கஷ்டம்.

என்னைக் கேட்டால், உள்ளூர் மெத்தைக் கடைக்குப் போங்கள். அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். அடியில் 2 அங்குலம் ரீபாண்டட் ஃபோம், அதாவது ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்தது, அது கெட்டியாக நின்று பாரம் தாங்கும். மேலே 2 அங்குலம் 40 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோம். இரண்டையும் ஒட்டி, ஜிப் வைத்த உறை தைத்தால் முடிந்தது. அளவு எடுக்க, நாய் பக்கவாட்டில் காலை நீட்டித் தூங்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து, அதோடு அரையடி கூட்டிக்கொள்ளுங்கள். லாப்ரடாருக்கு 4 அடிக்கு 3 அடி சரியாக வரும். சுற்றிலும் உயரமான கரை வைக்க வேண்டாம். வைத்தாலும் முன்பக்கம் திறந்திருக்கட்டும், பின்னங்கால் வலிக்கிற நாய் அதைத் தாண்டி வராது.

அப்புறம் மெமரி ஃபோம். அது சூட்டில் இளகி உடம்புக்கு ஏற்ப அமுங்கும், மூட்டுக்கு இதம்தான். சிக்கல் என்னவென்றால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத வீட்டில், மதுரை வெயிலில், நாய் அதில் எப்படிப் படுக்கும்? உங்கள் நாய் டைல்ஸுக்குப் போவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கிற வசதி அதற்கு இல்லை. இரைக்கும், இல்லையென்றால் வயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டிக்கொண்டு படுக்கும். அதைத் தடுக்காதீர்கள். பகலில் தரையில் படுக்கட்டும், இரவு மெத்தைக்கு வரட்டும். உறை மட்டும் வெல்வெட், ஃபர் எல்லாம் வேண்டாம், கெட்டிப் பருத்தித் துணி போதும். தூக்கத்தில் சிறுநீர் போகிற வயதான நாய் என்றால் பருத்தி உறைக்கு அடியில் ஒரு ரெக்சின் உறை போடுங்கள். மேலேயே ரெக்சின் போட்டால் அதுவும் சூடு.

இன்னொன்று, அவன் ஏற்கெனவே எங்கே படுக்கிறானோ அங்கேயே கொண்டுபோய்ப் போடுங்கள். நீங்கள் எல்லோரும் ஹாலில் இருக்கும்போது பால்கனி மூலையில் போட்ட பெட்டில் எந்த லாப்ரடாரும் படுக்காது. அவனுடைய பழைய சாக்கோ துணியோ இருந்தால் துவைக்காமல் மேலே விரித்து விடுங்கள், வாசனை பழகியதாக இருக்கும். பெட்டிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ஒரு ரப்பர் மேட் போடுங்கள். எழுந்திருக்கும்போது டைல்ஸில் கால் வழுக்குவதுதான் பல நாய்களுக்குப் பெரிய வேதனை.

ஆனால் அம்மா, 38 கிலோ என்று சொன்னீர்களே, என் கண் அங்கேதான் நிற்கிறது. ஆண் லாப்ரடாருக்கு 29 முதல் 36 கிலோ வரைதான் வழக்கமான எடை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டு வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் தாமதமாகத்தான். மெத்தைக்கு ஆர்டர் கொடுக்கும் அதே வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் இடுப்பு, முழங்கால் மூட்டைக் காட்டி, சாப்பாட்டு அளவையும் கேட்டு வாருங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை ஆபத்து.

பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன். உண்ணி பெரும்பாலான நாட்கள் நாயின் மேல் இருப்பதில்லை, சுவர் விரிசலிலும் மெத்தைத் தையலிலும்தான் ஒளிந்திருக்கும். அதனால் பட்டன், மடிப்பு, ஜாலர் இல்லாத உறையாகத் தைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். உள்ளே இருக்கும் ஃபோமை மட்டும் நேர் வெயிலில் போடாதீர்கள், மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். நிழலில் காற்றாட நிறுத்தி வைத்தால் போதும்.

அடுத்து, பூனைக்குட்டிக்குப் பால் கொடுப்பது பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது.