சந்தாவிலிருந்து விலகும் உரிமை

நேயர்களுக்கு வணக்கம்.

கைபேசிச் செயலி ஒன்றில் சந்தாதாரராகச் சேர்வது எவ்வளவு எளிது, அதிலிருந்து விலகுவது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஏழு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், கட்டணம் ஒரு ரூபாய்தான் என்று ஒரு செயலி அழைக்கிறது. ஒரு ரூபாய்தானே என்று நாம் யுபிஐ ரகசிய எண்ணை அழுத்துகிறோம். அந்த நொடியில் நாம் செலுத்துவது ஒரு ரூபாய் மட்டும் என்று நினைக்கிறோம். ஆனால், குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட ஒரு தொகையை மாதந்தோறும் எங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதலையும் அதே அழுத்தத்தில் கொடுத்துவிடுகிறோம். வரம்பு எவ்வளவு, எந்த நாள் வரை என்பதெல்லாம் அந்தத் திரையிலேயே இருக்கும். ஒரு ரூபாய் என்ற எழுத்து பெரிதாகவும், மற்றவை சிறிதாகவும் இருக்கும். எட்டாம் நாள் முதல் பணம் போகத் தொடங்குகிறது.

பணம் போவதைக் கண்டதும் பெரும்பாலோர் செய்வது அந்தச் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவது. இங்கேதான் மிகப் பெரிய தவறான புரிதல் இருக்கிறது. செயலி போனாலும் ஒப்புதல் போவதில்லை. அது உங்கள் வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்ட பதிவு. நீங்கள் அதை ரத்து செய்யும் வரையில், அல்லது அதன் காலம் முடியும் வரையில், அது உயிரோடுதான் இருக்கும்.

வங்கிப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த வசூல் முறை ஒன்றும் புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயுள் காப்பீட்டுத் தவணையையும் தொடர்வைப்பு நிதியையும் மாதந்தோறும் கணக்கிலிருந்து எடுத்துச் செலுத்தும்படி வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் நிலையான உத்தரவு, கணினி வருவதற்கு முன்பே கிளைகளில் இருந்தது. பின்னர் மின்னணுத் தீர்வு முறையான இசிஎஸ் வந்தது. அந்த நாளைய நடைமுறையில் நான் மதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உத்தரவைக் கொடுத்தவர் வாடிக்கையாளர். அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அவருடையதே. அந்த அதிகாரத்தை அவர் செலுத்த வேண்டிய இடம் தம்முடைய வங்கிக் கிளை. பணம் பெறுகிறவரிடம் போய், தயவுசெய்து இனி என்னிடம் வாங்காதீர்கள் என்று அவர் கெஞ்ச வேண்டியதில்லை. இணைய வணிகம் வளர்ந்தபோது இந்த ஒழுங்குதான் சிதைந்தது. அட்டை எண்ணை ஒரு முறை கொடுத்துவிட்டால், எப்போது எவ்வளவு எடுப்பது என்பது விற்பவர் கையில் போய்விட்டது. நிறுத்துவதற்கான பொத்தானும் அவருடைய தளத்துக்குள்ளேயே, அவர் விரும்பிய இடத்தில் வைக்கப்பட்டது.

இதைச் சரிசெய்ய இந்திய ரிசர்வ் வங்கி எடுத்த முயற்சி, நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பில் போதிய கவனம் பெறாத ஒன்று என்பது என் கருத்து. 2019 ஆகஸ்டில் வெளியான சுற்றறிக்கை அட்டைகள் வழியான தொடர் பற்றுகளுக்கு, அதாவது கணக்கிலிருந்து திரும்பத் திரும்பப் பணம் எடுப்பதற்கு, விதிகளை வகுத்தது. 2020 ஜனவரியில் அவை யுபிஐக்கும் விரிவாக்கப்பட்டன. முதல் ஒப்புதலின்போது ஓடிபி, ரகசிய எண் போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைக் கண்டவர் அந்த ஒரு பற்றையோ, ஒப்புதல் முழுவதையுமோ மறுத்துவிடலாம். இந்த வசதிக்காக அவரிடம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. வரம்பைத் தாண்டும் தொகைக்கு ஒவ்வொரு முறையும் மீண்டும் சரிபார்ப்பு வேண்டும். அந்த வரம்பு முதலில் 2,000 ரூபாயாக இருந்து, 2021இல் 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது.

இந்த விதிகள் அட்டைகளுக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்த 2021 அக்டோபரில் எழுந்த கூக்குரல் சிலருக்கு நினைவிருக்கலாம். பல நிறுவனங்களின் மாதச் சந்தாக்கள் ஒரே நாளில் தடைபட்டன. 2022இல் ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையில் இந்திய அட்டைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டு, யுபிஐ, நெட் பேங்கிங், முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் இருப்பு ஆகியவற்றை மட்டும் ஏற்றது. மாதந்தோறும் சிறு தொகை அனுப்பும் கொடையாளர்களை நம்பியிருந்த தொண்டு நிறுவனங்களும் அன்று பாதிக்கப்பட்டன. இந்தக் குறையை நான் சிறிதாக நினைக்கவில்லை. நல்ல நோக்கத்துடன் இயங்கும் அமைப்புகளுக்கு மாறிக்கொள்ளப் போதிய உதவி கிடைத்திருக்க வேண்டும். எனினும், தொழில்துறையினர் அன்று சொன்ன வாதத்தின் ஒரு பகுதி என்னைச் சிந்திக்க வைத்தது. அறிவிப்பு அனுப்பினால் வாடிக்கையாளர்கள் விலகிவிடுவார்கள் என்றார்கள். நினைவூட்டியதுமே விலகிவிடுகிற வாடிக்கையாளர் அந்தச் சேவையை விரும்பிப் பணம் கொடுத்தவரா, மறந்து பணம் கொடுத்தவரா? மறதியிலிருந்து வரும் வருமானத்தைப் பாதுகாத்துத் தருவது எந்த ஒழுங்குமுறை அமைப்பின் கடமையும் ஆகாது.

ரிசர்வ் வங்கியின் முறையில் நான் காணும் சிறப்பு இதுதான்: அது விற்பவரிடம் நல்லொழுக்கத்தை எதிர்பார்க்கவில்லை. பணம் புறப்படும் இடத்தில், அதாவது வாங்குபவரின் வங்கியில், நிறுத்தும் உரிமையை மீண்டும் வைத்தது. நாளிதழ் வேண்டாம் என்றால் வீட்டு வாசலில் முகவரிடம் சொல்லிவிடுகிறோம் அல்லவா, ஏறத்தாழ அந்த அளவுக்கு எளிதாக அது இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

இதற்கு மாறான வழியில் சென்றவை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த டார்க் பேட்டர்ன் தடுப்பு வழிகாட்டுதல்கள். வாங்குபவரைத் திசைதிருப்பும் 13 வகை வடிவமைப்புகளை அவை பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, இன்னும் சில நிமிடங்களே என்று பொய்யாக அவசரப்படுத்துவது, காப்பீடு வேண்டாம் என்பவரைப் பாதுகாப்பின்றி இருக்கிறேன் என்று தாமே ஒப்புக்கொள்ள வைத்துக் கூச்சப்படுத்துவது என அந்தப் பட்டியல் நம் அன்றாட அனுபவத்தை நன்றாக அறிந்து எழுதப்பட்டது. சந்தாப் பொறி என்பதும் அதில் ஒன்று. விலகும் வழியை மறைப்பது, நீளமாக்குவது ஆகியவற்றோடு, இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பற்றுக்கு ஒப்புதல் தரும்படி கட்டாயப்படுத்துவதையும் அது குற்றமாகச் சொல்கிறது. இதே வழிகாட்டுதலை மனத்தில் கொண்டு ஒரு ரூபாய் அழைப்பைப் பாருங்கள். இலவசம் என்ற இடத்தில் ஒரு ரூபாய் என்று மாற்றி எழுதினால் விதியின் எழுத்துக்கு வெளியே நின்றுவிடலாம் என்ற கணக்கு அதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எழுத்து எப்படி இருந்தாலும் நோக்கம் ஒன்றே. ஆணையம் அதைத் தெளிவாக அறிவித்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

2025 ஜூனில் இதே ஆணையம், தளங்கள் மூன்று மாதங்களுக்குள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. குறையினால் இலாபம் அடைகிறவரையே குறையைத் தேடச் சொல்லும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வங்கிகளுக்கு உள்தணிக்கையும் உண்டு, வெளித்தணிக்கையும் உண்டு, ரிசர்வ் வங்கியின் ஆய்வும் உண்டு; மக்கள் பணத்தைத் தொடுகிறவருக்கு அது இயல்பான நிபந்தனை.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மீது தொடுத்த வழக்கில், பிரைம் சந்தாவிலிருந்து விலக 4 பக்கங்களையும், 6 சொடுக்குகளையும், 15 தெரிவுகளையும் கடக்க வேண்டியிருந்தது என்று குற்றஞ்சாட்டியது. நிறுவனத்துக்குள் அந்த விலகும் பாதைக்கு, ட்ராய்ப் போரைப் பாடும் நெடிய கிரேக்கக் காவியமான இலியட் என்ற பெயர் வழங்கியதும் அந்த வழக்கில் சுட்டிக்காட்டப்பட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. குற்றத்தை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்ந்த அளவு எளிதாக விலகவும் வழி வேண்டும் என்று அதே ஆணையம் 2024 அக்டோபரில் கொண்டுவந்த பொதுவிதியை, நடைமுறைக் குறை காரணமாக 2025 ஜூலையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஜெர்மனியோ 2022 ஜூலை முதல், இணையத்தில் செய்யப்படும் தொடர் ஒப்பந்தங்களுக்கு எளிதில் கண்ணில் படும் விலகல் பொத்தான் ஒன்று தளத்திலேயே இருக்க வேண்டும் என்று சட்டமாக்கி, அதைச் செயல்படுத்தியும் வருகிறது.

நம்மிடம் உள்ள விதிகளைப் பயன்படுத்துவது எப்படி? உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே என்றோ மேண்டேட் என்றோ ஒரு பகுதி இருக்கும். நடப்பில் உள்ள ஒப்புதல்கள் அனைத்தும், அவற்றின் வரம்பும் முடிவு நாளும் அங்கே தெரியும். வேண்டாத சந்தாவை அங்கேயே இடைநிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். அட்டையில் கொடுத்த ஒப்புதல்களுக்கு அட்டை வழங்கிய வங்கியின் தளத்திலேயே இத்தகைய பட்டியல் உண்டு. கடன் தவணைகளை மட்டும் இவற்றோடு சேர்த்துவிடாதீர்கள். பற்றை நிறுத்தினாலும் கடன் நிற்கும், வட்டியும் வளரும். அனுமதியின்றியோ ஏமாற்றியோ பணம் எடுக்கப்பட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தொகை சிறிதென்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் விட்டுவிடும் சிறு தொகைகளின் கூட்டுதான் இந்த வணிகத்தின் அடித்தளம்.

கடைசியாக, ரிசர்வ் வங்கியும், யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமும் செய்ய வேண்டியவை சில உள்ளன. 24 மணி நேரத்திற்கு முன்பு வரும் அந்த அறிவிப்பு, நம் மாநிலத்தில் பலருக்கும் ஆங்கிலக் குறுஞ்செய்தியாகத்தான் வந்து சேர்கிறது. அதில் நாம் அறிந்த செயலியின் பெயர் இல்லாமல், அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயரோ, இடையில் பணம் கைமாற்றும் நிறுவனத்தின் பெயரோ இருப்பதும் உண்டு. படித்துப் புரியாத அறிவிப்பைக் கொண்டு எவரும் மறுக்கும் உரிமையைப் பயன்படுத்த முடியாது. எனவே அறிவிப்பு வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் வர வேண்டும்; செயலியின் பெயரும் தொகையும் அதில் முதலில் இருக்க வேண்டும்; ஒரே தொடுகையில் மறுக்கும் வழி அந்தச் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கும் திரையில், அன்று செலுத்தும் ஒரு ரூபாயின் அளவிலேயே, பின்னர் போகக்கூடிய உச்சத் தொகையும் அச்சிடப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

நன்றி, வணக்கம்.