வீட்டுச் சுவரில் கோலியாத்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பள்ளிகள் மூடியிருக்கும் நாள்களில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தன் பிள்ளைகளோடு வீட்டுக்குள் எப்படிக் கலகலப்பாக இருக்கலாம் என்பதைப் பற்றிப் பேச இந்த நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகவும், இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் நான் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கொரோனா பரவலால் 2020 மார்ச் 17ஆம் தேதி தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, மார்ச் 31 வரைக்கும்தான் விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மறுபடியும் வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். இடையில் செல்போன் வைத்திருந்த வீடுகளில் இணையவழி வகுப்புகள் நடந்தன. கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் வந்தன. நான் பேச வந்தது அந்தப் பாடங்களைப் பற்றி அல்ல. பாடம் முடிந்த பிறகும் பாக்கியிருந்த நீண்ட பகல்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

கிறிஸ்தவ வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குத் தாவீதும் யோசேப்பும் நோவாவும் ஞாயிறு பள்ளியிலேயே பழக்கமாகிவிடுகிறார்கள். கதை தெரியும், வசனம் மனப்பாடமாக இருக்கும், பரிசும் வாங்கியிருப்பார்கள். அந்தக் கதைகளை அளந்து பார்க்கவும் நடித்துப் பார்க்கவும் கையால் செய்து பார்க்கவும்தான் அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. பள்ளி மூடியிருந்த காலம் அந்த நேரத்தைக் கொடுத்தது.

தாவீது கவண்கல்லால் வீழ்த்திய எதிரிப் படைவீரன் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்று முதலாம் சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு நாள் மாலைக் குடும்ப ஜெபத்தில் இதை வாசித்ததும், மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகன் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, தன் முழங்கையைச் சுவரில் வைத்து அளக்கத் தொடங்கினான். அவன் முழம் 34 சென்டிமீட்டர். அந்தக் கணக்குக்குக் கோலியாத் ஏழேகால் அடிதான் வந்தான். “இவ்வளவுதானா?” என்று அவனுக்குப் பெரிய ஏமாற்றம். பிறகு அவன் அப்பா நாற்காலியில் ஏறி நின்று தம்முடைய 46 சென்டிமீட்டர் முழத்தால் அளந்தபோது, கோடு ஏறக்குறைய மூன்று மீட்டருக்குப் போய்விட்டது. பத்தடி உயரமுள்ள எங்கள் கூரைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் நான்கு விரல் இடம்கூட இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

விளையாட்டு அதோடு நிற்கவில்லை. கோலியாத்தின் கவசத்தின் எடை ஐயாயிரம் சேக்கல். இன்றைய கணக்கில் சுமார் 57 கிலோ. சமையலறையில் இருந்த 25 கிலோ அரிசிச் சிப்பத்தை அக்காவும் தம்பியும் சேர்ந்து அசைக்கப் பார்த்துவிட்டு, இப்படி இரண்டு சிப்பத்துக்கும் மேலே ஒருவன் உடம்பில் மாட்டிக்கொண்டு நடந்தானா என்று வியந்தார்கள். இஸ்ரவேலின் ராஜா சவுல் தன் கவசத்தைத் தாவீதுக்கு மாட்டிவிட்ட காட்சிக்கு அப்பாவின் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போதுமானவையாக இருந்தன. அவற்றை மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்ததுமே, “இதோடு நடக்க முடியாது” என்று என் மகன் சொன்னான். தாவீது சவுலிடம் சொன்னதும் ஏறத்தாழ அதுவேதான். அப்போது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். இஸ்ரவேலில் எல்லாரும் தோளுக்குக் கீழே நிற்கும்படி உயரமாக இருந்தவர் சவுல்தானே, அப்படியானால் கோலியாத்தோடு சண்டைக்கு அவர் ஏன் போகவில்லை? இத்தனை ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. சுவரில் ஓர் ஆளின் உயரத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது.

மறுநாள் காலையில் தாவீது ஓடையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களுக்காக முற்றத்தில் கல் தேடினார்கள். ஐந்து கல் கையில் சேர்ந்ததும் என் மாமியார் தரையில் உட்கார்ந்து, அஞ்சாங்கல் ஆடக் கற்றுக்கொடுத்தார். எழுபது வயதைக் கடந்த அவரைப் பேரப்பிள்ளைகளால் ஜெயிக்கவே முடியவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. ஊரடங்கினால் ஆலயங்கள் பூட்டியிருந்தன, பவனி கிடையாது. எங்கள் தெருவில் ஒருவர் தம் தோட்டத்திலிருந்து பனங்குருத்துகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். குருத்தோலை வெளிறிய மஞ்சள் நிறத்தில், துணியைப் போல வளைந்து கொடுக்கும். ஈர்க்கை நகத்தால் கிழித்து நீக்கி, ஓலையைச் சற்று நனைத்து, ஒரே அகலத்தில் வார்ந்துகொண்டால் பின்னுவது எளிது. மாமியார் முதலில் சிலுவையும், பிறகு கிளியும், கடைசியில் காற்றாடியும் செய்து காட்டினார். “ஓசன்னா” பாடிக்கொண்டு திண்ணையிலிருந்து மாடிப்படி வரைக்கும் ஐந்து பேரின் பவனி நடந்தது. அந்த ஓலைச் சிலுவைகளைப் பத்திரப்படுத்தி, 2021 பிப்ரவரி 17ஆம் தேதி, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எரித்துச் சாம்பலாக்கினோம்.

மாலை நேரங்களில் வில்லுப்பாட்டு நடந்தது. நெல்லையிலும் குமரியிலும் வேதக் கதைகளை வில்லிசையில் பாடுவது புதிதல்ல. மூங்கில் கம்பில் கயிறு கட்டி வில்லாக்கி, பித்தளைக் குடத்தைப் பக்கத்தில் வைத்து, பழைய சலங்கையைக் கோலில் முடிந்துகொண்டால் கச்சேரிக்கு ஆயத்தம். யோசேப்பின் கதையில் என் மகள்தான் புலவர். தம்பிக்கு ஆமாம் போடும் வேலை. சகோதரர்கள் யோசேப்பைக் குழியில் போட்ட இடம் வந்தபோது அவன் ஆமாம் போட மறுத்துவிட்டான். பாட்டும் அவர்களே கட்டியதுதான். எதுகை சில இடங்களில் நொண்டினாலும் நான் திருத்தவில்லை. திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர், குறவஞ்சி என்ற நாட்டு வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஊரில் வழங்கும் கலை வடிவத்தில் வேதக் கதையைச் சொல்லும் அந்த வழக்கத்தை நம் பிள்ளைகளும் கையில் எடுப்பது எனக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது.

பெற்றோருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த விளையாட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். செல்போனில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பவும் அவசரப்படாதீர்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்த உடனேயே பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கிவிடுகிறது. இன்னொன்று, எல்லா வீடுகளிலும் பகலில் பெரியவர்கள் இருப்பதில்லை. அன்றாடக் கூலிக்குப் போகும் தாய்க்கும் தந்தைக்கும் ஒற்றை அறை வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்கும் கடமை, வீட்டில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு உண்டு. அஞ்சாங்கல்லுக்கும் ஓலைக்கும் யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் காலை ஆறு மணிக்கே மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பை எதிர்பார்த்துப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அப்படி ஒரு நாள் வாய்த்தால், பெருவெள்ளத்தில் விலங்குகளோடு மிதந்த நோவாவின் பேழையைச் செய்து பாருங்கள். நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30 என்று ஆதியாகமம் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. பத்து முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் நீளமும் 5 அகலமும் 3 உயரமும் உள்ள பெட்டி கிடைக்கும். தடித்த அட்டையில் வெட்டி ஒட்டி, நனையாமல் இருக்கப் பால் பாக்கெட் உறைகளைக் கழுவி வெளிப்புறம் சுற்றுங்கள். தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு விலங்கின் பெயரைச் சொல்லி ஒரு புளியங்கொட்டையையோ கூழாங்கல்லையோ உள்ளே வைக்க வேண்டும். சொன்ன பெயரை மறுபடியும் சொல்லக் கூடாது. பாரத்தை இரு பக்கமும் சமமாகப் பரப்பினால், பெட்டியின் எடையையும் சேர்த்து 400 கிராம் வரைக்கும் அது மூழ்காமல் நிற்கும்.

நன்றி. வணக்கம்.