ஆய்வுக் கோப்பை எங்கே வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பிரிட்டனில் அரசியல் படிக்கும் முஸ்லிம் மாணவர்கள் முதலில் அறிய வேண்டியது, 2000-ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு. பயங்கரவாதச் செயலுக்கு உதவக்கூடிய ஆவணம் கையில் இருந்தாலே குற்றம். நியாயமான காரணம் இருந்தால் தப்பலாம். கல்வி ஆய்வும் அப்படியொரு காரணம் என்று 2019-இல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். உச்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆக்கியதும் அதே திருத்தம்தான்!

ஆனால் காரணம் சொல்லும் வாய்ப்பு பெரும்பாலும் கைதுக்குப் பிறகே வரும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக முதுகலை மாணவர் ஒருவர் அல்கைதா பயிற்சிக் கையேட்டைப் பதிவிறக்கினார், அதுவும் அமெரிக்க நீதித்துறையின் இணையதளத்திலிருந்து. அதைப் பல்கலைக்கழக ஊழியரான நண்பருக்கு அனுப்பினார். நண்பரின் கணினியில் கோப்பு கண்ணில் பட்டது, போலீஸ் வந்தது. 2008 மே மாதம் இருவரையும் நாள்கணக்கில் காவலில் வைத்தார்கள். கடைசியில் பயங்கரவாதக் குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. 2011-இல் போலீஸ் அந்த மாணவருக்கு 20,000 பவுண்டு கொடுத்து, அவர் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டது. கோப்பில் என்ன இருந்தது என்பதைவிட அது யாரிடம் இருந்தது என்பதே அங்கே பெரிதாகிப் போனது என்பது என் கணிப்பு.

ஆகவே ஆய்வுக்காக இப்படியொரு கோப்பைத் திறக்கும் முன்பே மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் தலைப்பைத் தெரிவித்துவிடுங்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலும் மறைக்காமல் எழுதுங்கள். கோப்பு பல்கலைக்கழக சர்வரில் மட்டுமே இருக்கட்டும். பென் டிரைவில் வேண்டாம். நண்பருக்கு அனுப்பவே வேண்டாம், அவருக்கு உங்கள் ஆய்வுக் காரணம் துணை வராது. விமான நிலையத்தில் அதே சட்டத்தின் 7-ஆம் அட்டவணைப்படி, உங்கள்மீது சந்தேகமே இல்லாவிட்டாலும் 6 மணி நேரம்வரை நிறுத்தி விசாரிக்கலாம், கடவுச்சொல்லும் கேட்பார்கள். ஆய்வுக் கோப்பு எதுவும் இல்லாத லேப்டாப்பை எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து, கூட்டங்கள். 2015-இன் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டம் பல்கலைக்கழகங்கள்மீது 'பிரிவென்ட்' கடமையை, அதாவது யாரும் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படாமல் தடுக்கும் கடமையைச் சுமத்தியது. பேச்சாளருக்கு அனுமதி மறுக்க அதைக் காட்டுவார்கள். அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு பேச்சுரிமைக்கும் கல்விச் சுதந்திரத்துக்கும் தனிக் கவனம் தரச் சொல்வதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். ஆபத்து முழுவதும் நீங்கினாலொழிய கூட்டம் வேண்டாம் என்ற அரசு வழிகாட்டுதல் பத்தியை 2019 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்புச் செலவை உங்கள் தலையில் கட்டினாலும் கேளுங்கள்: விதிவிலக்கான சூழல் தவிர அது கூடாது என்கிறது 2023-இன் பேச்சுரிமைச் சட்டம். 2025 ஆகஸ்ட் 1 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது, இங்கிலாந்தில் மட்டும். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ படிப்பவர்கள் இதை நம்பி வாதாட முடியாது.