1,480 ரூபாய்க்கு வெயிலை அளந்தேன்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் குரல் கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து வெயிலில்தான் நிற்கிறேன். கையில் இருப்பது லக்ஸ் மீட்டர், வெளிச்சத்தை அளக்கிற கருவி. 1,480 ரூபாய். ஆமாம், ஒரு ரூபாய் கத்தரி நாற்றுக்கு அரை மணி நேரம் பேரம் பேசிய அதே ஆள்தான் வாங்கியிருக்கிறேன்.

எல்லாம் வெண்டை வீடியோவால் வந்த வினை. "அக்கா, இடத்தை வீணாக்குறீங்க, நெருக்கி ஊன்றினா இரண்டு மடங்கு காய்க்கும்" என்று கமெண்ட்டில் பாடம் எடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? எனக்கும் சபலம் தட்டிவிட்டது. ஒரு பாத்தியில் ஒன்றரை அடிக்கு ஓர் அடி, பக்கத்துப் பாத்தியில் அரை அடிக்கு அரை அடி என்று ஊன்றினேன். நெருக்கிய பாத்தி இப்போது என் தோள் உயரம். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள். நேற்றுக் காய் பறித்தேன். இடைவெளி விட்டதில் ஒன்றேமுக்கால் கிலோ, நெருக்கியதில் ஒரு கிலோகூட தேறவில்லை. தண்டு பென்சில் கனம். ஏன் இப்படி என்று பார்க்கத்தான் இந்த மீட்டர்.

சரி, மீட்டரைத் திறந்தால் பேட்டரி இல்லை. பெட்டி மேல் படத்தில் இருக்கிறது, உள்ளே இல்லை! சதுரமான 9 வோல்ட் பேட்டரி அது. வாடிப்பட்டியில் நான்கு கடை ஏறி இறங்கினேன், எல்லோரும் ரிமோட்டுக்குப் போடுவதையே எடுத்து நீட்டுகிறார்கள். கடைசியில் எங்கள் ஊர் மைக் செட் அண்ணன்தான் கைகொடுத்தார். கார்ட்லெஸ் மைக்கில் இதே பேட்டரிதானாம். பாதி தீர்ந்தது ஒன்று, 20 ரூபாய். "திருவிழாவுக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துரும்மா" என்றார். காசும் வேண்டுமாம், பேட்டரியும் வேண்டுமாம்.

உச்சி வெயிலில் வெட்டவெளியில் 98,000 லக்ஸ் காட்டியது. இடைவெளி விட்ட வெண்டைக்கு அடியில், தரையோடு வைத்தால் 14,000. நெருக்கியதற்கு அடியில் 3,000. இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் நெருக்கிய பாத்திதானே அதிக வெயிலைப் பிடித்திருக்கிறது? நூற்றுக்கு 97 பங்கு! அப்புறம் காய் எங்கே போனது?

இருங்கள், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மீட்டரை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் தடவை இலைச் சந்தில் விழுந்த வெயில் பொட்டின் மேல் வைத்துவிட்டு, 41,000 என்று நானே கத்தினேன். பத்து இடத்தில் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். இன்னொன்று, லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. நம் கண் பச்சையைத்தான் தூக்கலாகப் பார்க்கும். இலை வழியாகக் கீழே கசிவதிலும் பச்சைதான் அதிகம். அதனால் செடிக்கு உண்மையில் கிடைப்பது, மீட்டர் காட்டும் பங்கைவிடக் குறைவு.

விஷயத்துக்கு வருகிறேன். மோன்சி, சயெகி என்று இரண்டு ஜப்பானியர்கள் 1953-லேயே இதைக் கணக்காகப் போட்டுவிட்டார்கள். மேல் அடுக்கு இலை வெயிலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அடுத்த அடுக்கு, மிச்சத்தில் அதே பங்கு. அதற்கடுத்தது, மிச்சத்தின் மிச்சத்தில். பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வருவது போலத்தான். நூற்றுக்கு 95 பங்கு பிடித்துவிட்டால் அதற்கு மேல் எத்தனை இலை விட்டாலும் லாபம் சொற்பம். இருட்டில் கிடக்கும் அடி இலை சமைப்பதைவிடச் சாப்பிடுவது அதிகமாகி, மஞ்சளடித்து உதிர்கிறது. என் பாத்தியில் அரைக் கூடை உதிர்ந்து கிடக்கிறது, பாருங்கள்.

இதைவிடப் பெரிய கூத்து உயரம். இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, அதற்கு அடுத்த, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியை வெளியே விட்டுவிடும். பக்கத்துச் செடி அதை வைத்தே ஆள் நெருங்கிவிட்டான் என்று கண்டுபிடித்துவிடும், நிழல் விழுவதற்கு முன்பே. உடனே காய்க்குப் போக வேண்டிய சத்தைத் தண்டில் போட்டு நீள ஆரம்பிக்கும். நீங்கள் போட்டோ எடுத்த உயரம் செழிப்பு இல்லை மக்களே, பதற்றம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் மூன்று வாரம் நெருக்கிய பாத்திதான் முந்தியது. பயிர் பிடித்த வெயிலுக்கு ஏற்பத்தான் எடை போடும் என்று மான்டீத் என்ற பிரிட்டிஷ்காரர் 1977-ல் காட்டினார். மண்ணில் விழுகிற வெயில் வீண்தான். கீரைக்கு அதனால்தான் நெருக்கி விதைக்கிறோம், இளசிலேயே பிடுங்கிவிடுகிறோமே. வெண்டைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இலை எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். படுக்கையாக விரிந்த இலை எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ளும், அதில் பாதியை அதனால் பயன்படுத்தவும் முடியாது. நெல் இலைக்கெல்லாம் முழு வெயிலில் பாதி வந்ததுமே வயிறு ஏறக்குறைய நிறைந்துவிடும். நிமிர்ந்த இலை கீழே இருப்பவனுக்கும் விடும். 1966-ல் வந்த ஐ.ஆர். 8 நெல் குட்டையாக, நிமிர்ந்த இலையோடு இருந்தது. அது அவ்வளவு விளைந்ததற்கு உரம் போட்டாலும் சாயாமல் நின்றது மட்டும் காரணம் இல்லை, இதுவும் ஒன்று. மக்காச்சோளம் வேறு ஜாதி, உச்சி வெயில் முழுவதையும் தின்னும். அதைத் தனி வீடியோவில் பார்ப்போம்.

சாயங்காலம் சோழவந்தான் பக்கம் மாமாவின் கொடிக்காலுக்கு மீட்டரைக் கொண்டுபோனேன். வெற்றிலைக்கு நேர் வெயில் ஆகாது, அகத்தி நிழலில்தான் வளரும். வெளியே 52,000, உள்ளே 9,000. மாமா அகத்தியில் கிளை கழித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வெயிலைக்கூடவா நிறுத்துப் பாக்குற?"

"எவ்வளவு கழிக்கணும்னு எப்படி மாமா தெரியும்?"

தரையைக் காட்டினார். "வெயிலு புள்ளி புள்ளியா விழணும். பாய் விரிச்ச மாதிரி விழுந்தா வெத்தல வெளுத்துப்போகும்."

நான்கு கிளை கழித்த பிறகு மறுபடி வைத்தேன், 14,000. இன்னும் இரண்டு கழித்தால் என்ன காட்டும் என்று பார்ப்பதற்குள் பேட்டரி போய்விட்டது. மாமா அவர் பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருந்தார். கழித்த தழையை ஆடு இழுத்துக்கொண்டு போனது. மைக் செட் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வதென்றுதான் தெரியவில்லை.