பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? கோலாலம்பூர் இளைஞர்களுக்கு ஒரு கணக்கு

[காட்சி: கைப்பேசித் திரையில் பழைய கார் விளம்பரங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன]

வணக்கம். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும், கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கும். இரவில் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே போனால் திடீரென்று ஒரு நிஸ்ஸான் 350இஸட் கண்ணில் படும். பதினைந்து வயதைத் தாண்டிய கார், அதனால் விலையும் எட்டுகிற தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அந்த ஆசை தப்பு என்று சொல்ல இந்த வீடியோ இல்லை. இந்த வயதில்தான் இப்படி ஒரு காரை ஓட்ட வேண்டும். ஆனால் கார் பழசானால் இறங்குவது அதை வாங்கும் விலை மட்டும்தான். அதைச் சாலையில் வைத்திருக்கும் செலவு இறங்காது.

[திரையில்: 1998 சிசி, 379 வெள்ளி. 3498 சிசி, 4,371 வெள்ளி]

ரோட் டேக்ஸிலிருந்து தொடங்குவோம். தீபகற்ப மலேசியாவில் பெட்ரோல் கார்களுக்கு சிசியை, அதாவது எஞ்சின் கொள்ளளவை வைத்துத்தான் கணக்கு. காருக்கு எத்தனை வயது, என்ன விலை என்று ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பார்க்காது. 2000 சிசி வரைக்கும் வருடத்துக்கு 380 வெள்ளியைத் தாண்டாது. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி கூடும். 2500-ஐத் தாண்டினால் சிசிக்கு 2.50, 3000-ஐத் தாண்டினால் 4.50. அதனால்தான் டொயோட்டா 86-க்கு 379 வெள்ளி கட்டுகிறவர் இருக்க, 350இஸட் வைத்திருப்பவர் 4,371 வெள்ளி கட்டுகிறார். இரண்டுமே இரண்டு கதவு, பின்சக்கரத்தில் ஓடும் கார்கள்தான்.

முதல் ஸ்போர்ட்ஸ் காருக்கு 2000 சிசியைத் தாண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்குள்ளேயே 86 இருக்கிறது, மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது, கோல்ஃப் ஜிடிஐ, சிரோக்கோ, சிவிக் டைப் ஆர் இருக்கின்றன. நம் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ-யும் இருக்கிறது. இதில் எதை ஓட்டினாலும் சலிப்பு வராது.

[காட்சி: இன்சூரன்ஸ் கவர்நோட், பக்கத்தில் ஒரு கால்குலேட்டர்]

அடுத்து இன்சூரன்ஸ். இளைஞர்களுக்கு யாரும் உட்கார வைத்து விளக்காத விஷயம் இது. என்சிடி என்ற தள்ளுபடி, க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்குப் பிறகு 25 விழுக்காட்டில் தொடங்கும். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 55 விழுக்காட்டைத் தொடும். இந்தத் தள்ளுபடி பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சேரும். அப்பா பெயரில் கார் எடுத்தால் இப்போது மலிவாக இருக்கும், ஆனால் உங்கள் கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கும். இப்போது ஓட்டும் சின்னக் கார், மைவியோ ஆக்சியாவோ, உங்கள் பெயரில் இருந்தால் நல்லது. அதில் சேரும் என்சிடியைப் பிறகு ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் பெட்டர்மென்ட் என்று ஒன்று. விபத்தில் பழைய காருக்குப் புதுப் பாகம் போட்டால், அதில் ஒரு பங்கை உங்களையே கட்டச் சொல்வார்கள். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காடு, பத்து வயதும் அதற்கு மேலும் போனால் 40 விழுக்காடு. முன் பம்பர், விளக்கு, ரேடியேட்டர் என்று பாகங்கள் மட்டும் 10,000 வெள்ளி ஆனால், 4,000 வெள்ளி உங்கள் பையிலிருந்து போகும். இதைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் கவரேஜ் உண்டு. பழைய கார் எடுக்கிறவர்கள் ஏஜெண்டிடம் கட்டாயம் கேளுங்கள். காரில் என்ன மாடிஃபை செய்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடன் பற்றிச் சுருக்கமாக. யாராவது "4 விழுக்காடு ஃப்ளாட்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். கடன் குறைந்துகொண்டே வந்தாலும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடுவதுதான் ஃப்ளாட். 50,000 வெள்ளியை ஏழு வருடத்துக்கு அப்படி எடுத்தால் வட்டி மட்டும் 14,000, மாதத் தவணை 762 வெள்ளி. உண்மையான வட்டி 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

[காட்சி: கூட்டரசு நெடுஞ்சாலை, மாலை நெரிசல்]

ஓட்டும் செலவுக்கு வருவோம். நம் ஊர் வெயிலும் நெரிசலும் சேர்ந்து ரேடியேட்டர், ஹோஸ், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் சீக்கிரம் தின்றுவிடும். கோல்ஃப் ஜிடிஐ-யின் ஆறு கியர் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். அந்த பில்லைக் காட்ட முடியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். கூரை மடங்கும் எம்எக்ஸ்-5 என்றால் மழைநீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா, உள்ளே கார்பெட் ஈரமாக இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். 86-இன் 17 இன்ச் டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். முன்னும் பின்னும் வேறு வேறு அகலத்தில் டயர் போட்ட கார்களில் டயர்களை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய முடியாது. இவற்றில் பல கார்கள் ரோன் 97 பெட்ரோல் கேட்கும். அதற்கு மானியம் கிடையாது.

இப்போது என்னை உண்மையாகவே கவலைப்பட வைக்கும் ஒன்று: சம்புங் பாயார். வேறொருவர் கட்டமுடியாமல் விட்ட காரின் தவணையை நீங்கள் கட்டி ஓட்டுவது. டிக்டாக்கில் தினமும் இப்படி விளம்பரம் வருகிறது. வங்கியின் சம்மதம் இல்லாமல் காரை இப்படிக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். எத்தனை மாதம் கட்டினாலும் கார் உங்கள் பெயருக்கு வராது. வங்கி ஆள் வந்து இழுத்துக்கொண்டு போனால், கட்டிய பணத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? தயவுசெய்து இதில் மட்டும் இறங்காதீர்கள்.

[காட்சி: லிஃப்டில் தூக்கிய கார், அடியில் டார்ச் வெளிச்சம்]

முன்பணம் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த ஃபோர்மேனை, அதாவது மெக்கானிக்கைக் கூட்டிப்போய் காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 பாஸாகிவிட்டது என்று விற்பவர் சொல்வார். அது பெயர் மாற்றத்துக்கான சோதனை. சேஸிஸ் எண், எஞ்சின் எண், அடிப்படைப் பாதுகாப்பு எல்லாம் பார்ப்பார்கள், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். கார் பிடித்திருந்தாலும், வாங்கிய பிறகு கையில் குறைந்தது 5,000 வெள்ளியாவது மிஞ்சுமா என்று பாருங்கள். முதல் வருடத்தில் டயர், பிரேக், எண்ணெய் என்று அது போய்விடும். மிஞ்சாது என்றால் இன்னும் ஒரு வருடம் மைவியிலேயே ஓட்டுங்கள், என்சிடியும் அதற்குள் ஒரு படி ஏறியிருக்கும்.