பழைய வீடும் 23 குறைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் சுவரைத் தட்டுவேன், நிலைக்கதவில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பேன், மொட்டை மாடியில் குனிந்து நடப்பேன். வீட்டுக்காரர் ஒரு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனசு என்ன பாடுபடும் என்று நான் யோசித்ததே இல்லை. என் அக்கா வீட்டை விற்றபோதுதான் அந்த ஓரத்தில் நானும் போய் நின்றேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நங்கநல்லூரில் அரை கிரவுண்டு, 1200 சதுர அடி மனை. 1976-ல் கட்டிய வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே காங்கிரீட் தளம், முன்னால் சின்னத் திண்ணை, பின்னால் கிணறு. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் இருக்கிறார்கள். அக்காவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. 2024-ல் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். புரோக்கர் ஓர் இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். மூன்று முறை வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது. 1 கோடியே 35 லட்சம் என்று பேசி, ஒரு லட்சம் டோக்கன் கொடுத்தார்கள். வங்கி வழியாகத்தான். இந்த விஷயத்தில் கவனமாக இருங்கள். வீடு, மனை விற்பனையில் முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வருமான வரித்துறை அதே அளவு தண்டம் போட முடியும்.

டோக்கன் கொடுத்த பிறகு அந்தப் பையன் ஒரு பொறியாளரை அழைத்து வந்தான். ஈரப்பதம் அளக்கும் கருவி, சுத்தியல், டார்ச், ஏணி எல்லாம் வந்தன. மூன்று மணி நேரம் பார்த்தார். நாலாம் நாள் அத்தானின் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. 23 குறைகள், ஒவ்வொன்றுக்கும் படம். கடைசியில் ஒரு கணக்கு: சீர்செய்ய 12 லட்சம் ஆகும், ஆகவே விலையை 1 கோடியே 23 லட்சமாக வைத்துக்கொள்ளலாம்.

அத்தான் போனைக் கவிழ்த்து வைத்தார். "நாற்பத்தெட்டு வருஷம் குடியிருந்த வீடு. ஒருநாள் இடிஞ்சு விழுந்ததா? டோக்கனைத் திருப்பி அனுப்பிடலாம்." அக்காவுக்கு வேறு கோபம். 14-ம் எண்ணில் 'சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் புகை' என்று எழுதியிருந்தார்கள். "என் சமையலறையைப் போய் இப்படி எழுதியிருக்கான் பாரு" என்றாள்.

நான் பார்த்தவரை, பழைய வீட்டுப் பேரம் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் முறிகிறது. பணத்தால் முறிவது குறைவு. சுவரைச் சொன்னால் வளர்த்த பிள்ளையைச் சொன்ன மாதிரி சுருக்கென்று இருக்கிறது. இரண்டு நாள் யாருக்கும் பதில் போட வேண்டாம் என்றேன். பட்டியலைப் பிரிண்ட் எடுத்தோம். பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதச் சொன்னேன்: தெரிந்தது, தெரியாதது, மறைத்தது.

தெரிந்தது என்றால், வாங்குகிறவர் விலை பேசும்போதே கண்ணால் பார்த்தது அல்லது நாமே சொன்னது. உரிந்த பெயிண்ட், மங்கிப்போன மொசைக், தாழ்ப்பாள் விழாத ஜன்னல், அக்காவின் எண்ணெய்ப் புகை எல்லாம் அதில் சேரும். 48 வயது வீடு என்று தெரிந்துதான் 1 கோடியே 35 லட்சம் பேசினார்கள். அந்த விலையில் இதெல்லாம் ஏற்கெனவே கழிந்திருக்கிறது. ஒரே குறைக்கு இரண்டு முறை தள்ளுபடி கிடையாது. பட்டியலில் பெயிண்டுக்கு மட்டும் 2 லட்சம் போட்டிருந்தார்கள்.

தெரியாதது என்றால், இரண்டு பக்கத்துக்கும் புதுச் செய்தி. மொட்டை மாடியில் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம் பல இடத்தில் காங்கிரீட்டை விட்டுப் பிரிந்திருந்தது. தட்டினால் டொக் டொக் என்று உள்ளே வெறுமையாகக் கேட்கிறது. அத்தானுக்கு அது தெரியாது. கூடத்தில் இன்னும் ஒழுகவில்லை, அவ்வளவுதான். பின்வாசல் நிலையில் கரையான். வெளியே பெயிண்ட் பளபளக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. இதற்கெல்லாம் விலை குறைத்துக்கொடுப்பதுதான் நியாயம்.

ஏழாம் எண்ணுக்கு வந்ததும் அத்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

குளியலறைக் கூரை. பி.வி.சி. பலகை அடித்து வெள்ளைவெளேர் என்று அழகாக இருக்கும். அந்தப் பொறியாளர் ஒரு பலகையைக் கழற்றிப் படம் எடுத்திருந்தார். மேலே காங்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரிகிறது. "எப்ப அடிச்சீங்க இதை?" என்றேன். "மூணு வருஷம் ஆச்சு. குளிக்கும்போது தலையில சில்லு விழுந்தது. பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு அடிச்சேன்."

பழைய காங்கிரீட்டில் நடப்பது இதுதான். குளியலறை ஈரம் மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். இரும்பு துருவானால் முன்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். இடம் கிடைக்காததால் அடியில் இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளும். முதலில் கோடு மாதிரி ஒரு வெடிப்பு, அப்புறம் உப்பல், அப்புறம் தலையில் சில்லு. பலகை அடித்தால் சில்லு தலையில் விழாது. துரு மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அத்தான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவரை யாரும் கேட்கவுமில்லை. ஆனால் சட்டம் 'கேட்கவில்லையே' என்பதை ஏற்றுக்கொள்ளாது. 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாத முக்கியக் குறை இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடிக் கணக்கில் சேரும். 'வீடு பழசுதானே, பார்த்துத்தானே வாங்கினார்' என்ற வாதம் உரிந்த பெயிண்டுக்குச் செல்லும். பலகைக்கு மேலே இருக்கிற கம்பிக்குச் செல்லாது.

பட்டியலைத் திரும்பப் படித்தபோது இன்னொன்றும் புரிந்தது. அந்த ஒரு பலகையைக் கழற்றிய பிறகுதான் மற்ற எண்கள் எல்லாம் வீங்கியிருந்தன. இதை மறைத்தவர்கள் வேறு எதை மறைத்தார்களோ என்ற பயம் அவர்களுக்கு. கூடத்து ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் ஒரு விரிசலுக்கு, அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம் என்று சொல்லி 3 லட்சம் போட்டிருந்தார்கள். அது அந்தப் பயத்தின் விலை.

வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு வரச் சொன்னோம். தம்பதி வந்தார்கள், அவர்கள் பொறியாளரும் வந்தார், பெண்ணின் அப்பாவும் வந்தார். அத்தானிடம் முதலில் ஏழாம் எண்ணை எடுக்கச் சொல்லியிருந்தேன். "அது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும், சொல்லலை. அதுக்கு நீங்க போட்ட ஒன்றரை லட்சத்தை அப்படியே கழிச்சுக்கலாம்" என்றார். பத்து வினாடி யாரும் பேசவில்லை. அந்தப் பெண் தம்ளரைக் கையில் எடுத்தாள். அதுவரை காபியைத் தொடவே இல்லை.

அப்புறம் ஜன்னல் மூலைக்குப் போனோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தரை இறங்கியிருக்குமோ என்று அக்கா பயந்தாள். அடுத்த மாதம் நான் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை அந்த விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்தையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும், அது வளையாது. காலண்டர் ஒன்றை அதன் மேல் மாட்டியிருந்ததால் அன்றைய ஆய்வில் இது யார் கண்ணிலும் படவில்லை. காலண்டரைக் கழற்றினேன். கண்ணாடி முழுசாக இருந்தது, தேதியும் இருந்தது. அவர்கள் பொறியாளர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். 3 லட்சம் போயிற்று. இது வெறும் இரண்டு அங்குலக் கண்ணாடி, நேயர்களே. சந்தேகமான விரிசல் இருக்கிற வீட்டில் இன்றைக்கே ஒட்டி வையுங்கள்.

பெயிண்ட் 2 லட்சத்தைப் பையனே விட்டுக்கொடுத்தான். மாடித் தளம் 900 சதுர அடிக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் கேட்டிருந்தார்கள். நாங்கள் அதற்குள் இரண்டு மேஸ்திரிகளை மாடியில் ஏற்றி எழுத்தில் விலை வாங்கி வைத்திருந்தோம். குறைந்தது 1 லட்சத்து 60 ஆயிரம். காகிதத்தைக் காட்டியதும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். இந்த இடத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, மேஸ்திரி கையெழுத்துதான் எடுபடும். கரையானுக்கும் புது நிலைக்கும் 50 ஆயிரம், மறுபேச்சில்லை. வயரிங் 1 லட்சத்து 75 ஆயிரம், தண்ணீர்க் குழாய் ஒரு லட்சம். இரண்டும் வீடு கட்டிய காலத்து ஜி.ஐ. குழாயும் வயரும் என்று முதல் நாளே சொன்னதுதான். என் பென்சில் கணக்குப்படி 'தெரிந்தது'. ஆனால் பழைய வயரிங்கில் பல பாயிண்டுக்கு எர்த் இல்லை, அவர்களுக்கு மூன்று வயதுக் குழந்தை. அந்தப் பெண் அதைப் பற்றிக் கேட்டபோது அக்காவே "ரெண்டுலயும் பாதியை நாங்க தர்றோம்" என்றாள். என்னைக் கேட்டிருந்தால் கால்வாசிதான் சொல்லியிருப்பேன். பரவாயில்லை.

பெண்ணின் அப்பா கடைசியாக, ஈசானிய மூலையில் கழிவறை இருக்கிறது, அதற்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்றார். அதற்கு எந்த மேஸ்திரியிடம் விலை வாங்குவது? எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார்.

கூட்டிப் பார்த்தால் 5 லட்சத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு குறைவாக வந்தது. 5 என்றே வைத்துக்கொண்டோம். விலை 1 கோடியே 30 லட்சம்.

நாங்களே பழுது பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். விற்கப் போகிற வீட்டில் வேலை செய்தால் விற்பவர் மலிவாகத்தான் செய்வார், வாங்குபவர் அதை நம்ப மாட்டார், சண்டை திரும்பவும் முளைக்கும். பணமாகக் கழிப்பதில் வாங்குபவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 5 லட்சம் குறைந்தால் அதில் 45 ஆயிரம் மிச்சம். பதிவுக்காக அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விலை போகாதவரை இந்தக் கணக்கு சரி. கீழே போனால் தீர்வையை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். இதைப் பேச்சின்போது சொல்லுங்கள். எதிரே இருப்பவருக்கு 5 லட்சம் ஐந்தரை லட்சத்துக்குப் பக்கத்தில் தெரியும்.

ஆய்வு, பேரம் எல்லாம் விற்பனை ஒப்பந்தம் போடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். நம் மாநிலத்தில் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிந்த பிறகு விலையைத் திருத்துவது தலைவலி. டோக்கன் ரசீதிலேயே இரண்டு வரி போதும்: இத்தனை நாளுக்குள் கட்டட ஆய்வு, அதன் பிறகு இத்தனை நாளுக்குள் இறுதி விலை. நாங்கள் அப்படி எழுதவில்லை, அதனால்தான் பட்டியல் இடிபோல இறங்கியது.

இன்னொரு வகை ஆளும் வருவார், ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிற பில்டர். அவரும் ஒழுகல், கரையான், ஓதம் என்று பட்டியல் நீட்டுவார். இடிக்கப் போகிற கூரை ஒழுகினால் அவருக்கு என்ன, ஒழுகாவிட்டால் என்ன? அவருக்கு வேண்டியது மனை. அங்கே பேச வேண்டியது டேப் பிடித்து அளந்த அளவு. பத்திரத்தில் 2400 சதுர அடி இருந்து தரையில் 2340 இருந்தால் அது உண்மையான குறை, 60 அடிக்குக் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டியதுதான். மயிலாப்பூரில் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை போட்ட வீடு ஒன்று. உத்தரம் எல்லாம் உளுத்துவிட்டது என்று பில்டர் விலையைக் குறைத்தார். வீட்டுக்காரம்மா அமைதியாக, "அப்படின்னா உத்தரம், கதவு, நிலை எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன், காலி மனையா வாங்கிக்குங்க" என்றார். பர்மா தேக்கு, கன அடி கணக்கில் விலை போகும். பில்டர் உளுத்த கதையை அதோடு விட்டுவிட்டார்.

அக்காவும் அத்தானும் இப்போது பக்கத்துத் தெருவில் லிஃப்ட் இருக்கிற ஃபிளாட்டில் இருக்கிறார்கள். பத்திரம் முடிந்து மூன்று வாரம் கழித்து அந்தப் பையன் போன் செய்தான். மாடித் தொட்டிக் குழாயை மூடுகிற வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டான். அது கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால், செங்கல் வைத்து மூடியிருக்கும். சொன்னால் புரியாது என்று அத்தானே நடந்து போனார். போனவர் ஒன்றரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. குளியலறைக் கூரையில் கொத்தனார் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாராம், ஏணியை இவர் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.